ரெஜிபோம் துண்டும் நீலச் சட்டையும்

அப்பா,

உங்கள் அடையாள அட்டைப் பிரதியை அம்மா அலமாரியின் மேல் தேடியபோது, மின்விசிறிப் பெட்டிக்குள் அடைத்து வந்த வெள்ளை நுரை, அந்த ரெஜிபோம் துண்டு, என் காலடியில் விழுந்தது. நீங்கள் எறிந்த அதே துண்டு. ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு, போர்வைக்குள் டோர்ச் அடித்து எழுதுகிறேன். வெளிச்சம் தெரிந்தால் ரோந்து வருகிற படையினர் கதவைத் தட்டுவார்கள் என்று பயம்.

சண்டையை நிறுத்தி, சமாதானம் என்று சொன்ன அந்த வருடம், விண்ணோடம் ஒன்று பூமிக்குத் திரும்பும்போது உடைந்து, உள்ளே இருந்த எல்லோரும் இறந்தார்கள். விசாரணைச் செய்திகளை நீங்கள் மாதக்கணக்காக வாசித்துக் காட்டினீர்கள். புறப்படும்போது ஒரு நுரைத் துண்டு கழன்று இறக்கையில் அடித்ததைப் படம் காட்டியது. அவ்வளவு இலேசான நுரை இறக்கையை உடைக்காது என்றார்கள் சில பொறியியலாளர்கள். நீங்களும் அவர்கள் பக்கம். ரெஜிபோமை அலமாரிக் கதவில் ஓங்கி எறிந்தீர்கள்.

"பார் பிள்ளை, கதவுக்கு ஒண்டும் நடக்கேல்லை."

"உடைஞ்சா வீட்டுக்கார அம்மாட்ட நீங்கள்தான் கதைக்கவேணும்," என்றா அம்மா.

"உங்கட கை ரொக்கட் வேகமோ அப்பா?" என்றேன் நான்.

பிறகு அவர்கள் உண்மையான வேகத்தில் நுரையைச் சுட்டுப் பார்த்தார்கள். இறக்கையில் ஓட்டை விழுந்தது. நீங்கள் தோற்றதற்கு எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தீர்கள். "நுரை இலேசு எண்டதும் உண்மை, உடைச்சதும் உண்மை. ரெண்டு உண்மையையும் தாங்கிற காரணம்தான் சரியான காரணம்."

போன மாதம் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் காலி வீதிக் கடைக்குப் போனீர்கள். வெள்ளை வான் வண்டி ஒன்றில் யாரோ உங்களைப் பிடித்து ஏற்றியதாகக் கடைக்காரர் சொன்னார்.

இன்று கொட்டாஞ்சேனையிலிருந்து சித்தப்பா வந்தார். களுபோவில ஆஸ்பத்திரியில் ஓர் உடலைப் பார்த்தாராம். முகம் அடையாளம் தெரியாதாம்.

"நீலச் சட்டை அண்ணான்ரதான், அண்ணி. கொலரில டோபி போட்ட குறியும் உங்கட வீட்டுக் குறிதான்."

"இடது கால்?" என்று கேட்டா அம்மா. உங்களுக்கு அதில் சின்ன விரல் இல்லையே.

சித்தப்பா தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அஞ்சு விரலும் இருந்த மாதிரித்தான். எனக்கு வடிவாப் பாக்க ஏலாமல் போச்சு. நாளைக்கு ஓம், அண்ணாதான் எண்டு சொன்னா உடலைத் தருவாங்கள், கிரியை செய்யலாம். இல்லையெண்டா அவங்களே புதைச்சுப்போடுவாங்கள்."

அம்மா நெற்றிப் பொட்டைத் தொட்டபடி இருந்தா.

அடைத்து வைத்த இடத்தில் குளிரில் கிடந்த யாருக்கோ நீங்கள் சட்டையைக் கழற்றிக் கொடுத்திருப்பீர்கள். நீங்கள் அப்படியான ஆள்தான். அந்தக் காரணம் சட்டையையும் தாங்குகிறது, விரலையும் தாங்குகிறது. ஆனால் அப்பா, அது நான் விரும்புகிற பதில். நீங்களும் அன்று விரும்பிய பதிலுக்காகத்தான் கையால் எறிந்தீர்கள். யோசித்து யோசித்துக் களைத்துப்போனேன்.

சித்தப்பாவால் பார்க்க முடியவில்லை. அம்மாவாலும் முடியாது. நாளை நானும் போகிறேன். முகத்தைப் பார்க்க மாட்டேன். துணியை விலக்கி, இடது பாதத்தின் விரல்களை மட்டும் எண்ணுவேன்.