சிவப்புப் புள்ளி நத்தைகள்

மார்ச் 4

ஏரியில் மயில்துத்தம் கொட்டப் போகிறார்களாம், அந்த நீல விஷ உப்பு. மூட்டை மூட்டையாக. படித்துறையில் நீந்துகிறவர்களுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, தடிப்புக்குக் காரணம் நத்தை, ஆகவே நத்தையைக் கொல். நகராட்சிப் பொறியாளரின் தர்க்கம் இவ்வளவுதான்.

மீனும் சாகும் சார் என்றேன்.

"மீன் திரும்ப வந்துடும்மா." ஏதோ வெளியூர் போயிருப்பதைப் போல.

யார் புகார் கொடுத்தது என்று கேட்டேன். சிரித்தார். "உங்கப்பாதான். வீட்டுல சொல்லலையா?"

மார்ச் 5

சொல்லவில்லை. நான் ஆராய்ச்சி செய்யும் ஏரி, என் நத்தை, தினமும் அங்கே நீந்தும் என் அப்பா. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சொறிஞ்சு சொறிஞ்சு தோலே உரிஞ்சு போச்சு. உன் நத்தைக்கு மாலை போட்டுக் கும்பிடணுமா?"

"அதுல புழு ஒண்ணும் இல்லப்பா. நான் பார்த்துட்டேன்."

"அப்ப என் முதுகுல இருக்கிறது என்ன, கற்பனையா?"

அம்மா இருவரையும் பார்த்து, "ரெண்டு பேரும் அந்த ஏரியையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 9

கூட்டம். எல்லார் முன்னாலும் சொன்னேன். பிடித்து வந்து சில நாள் என் தொட்டியில் வைத்த ஒவ்வொரு நத்தையையும் தனிக் குப்பியில், தெளிந்த நீரில், காலை வெயிலில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தடிப்பைத் தரும் புழு உள்ளே இருந்தால் வெளிச்சத்துக்கு வெளியே வந்து நீந்தும். போன மழையிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. பார்த்த நத்தைகளில் பாதியை ஓட்டில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்து ஏரியிலேயே திரும்ப விட்டிருக்கிறேன், வளர்ச்சியைப் பார்க்க. மீதி என் தொட்டியில்.

மாதக் கடைசிக்குள் இன்னொரு முறை பார்த்துச் சொல்லு, சுத்தம் என்றால் கைவிடுகிறேன் என்றார் பொறியாளர். அப்பா பின்வரிசையில் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். வேண்டுமென்றே.

மார்ச் 11

அப்பா உப்பைக்கூட அம்மா வழியாகத்தான் கேட்கிறார். கேட்கட்டும்.

மார்ச் 13

ஜன்னலில்லாத என் ஆய்வகத்தில் எலெக்ட்ரீஷியன். வயர் மாற்ற வேண்டுமாம், திங்கள்வரை மின்சாரம் கிடையாதாம். தொட்டிக்கு மேலே டியூப்லைட் எந்நேரமும் எரியணும், பாசி வளரணும், நத்தை அதைத் தின்னணும் — கத்தினேன். தொண்டை கட்டும்வரை.

"நத்தைக்கும் தூக்கம் வரும்மா, விடுங்க" என்று மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டான்.

யாருக்குமே இந்த வேலை வேலையாகத் தெரிவதில்லை. பூச்சி பிடிக்கிற பெண். அவ்வளவுதான்.

மார்ச் 16

விளக்கு வந்தது. நத்தைகளைக் குப்பிகளில் இட்டு வெயிலில் வைத்தேன். சற்று நேரத்தில் நீர் கலங்கியது. தூசி என்று நினைத்தேன். தூசி நீந்துமா?

வால் இரண்டாகப் பிளந்த புழுக்கள். ஆயிரக்கணக்கில்.

இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால்தான் அவை வெளியேறும். என் தொட்டியில் இருட்டே இருந்ததில்லை. நான்தான் இருக்க விடவில்லை. பாசிக்காக! முதல் வருடப் பாடம் இது. எவ்வளவு திமிராகப் பேசினேன் அந்தக் கூட்டத்தில். சீ.

புழு புகுந்த இந்த நத்தைகள் இனி முட்டையிடாது, உடம்பு மட்டும் பெருக்கும். மேய்வதெல்லாம் உள்ளே இருக்கும் புழுவுக்காக.

இதை வெளியே சொன்னால் மயில்துத்தம். சொல்லாவிட்டால்?

மார்ச் 17

அப்பாவை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டேன். வந்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் அதைவிட்டு விலகவில்லை.

"இதுதானா? இத்துனூண்டு."

"வாத்தோட புழுப்பா. நத்தையிலேருந்து வாத்துக்குப் போகணும். ஆள் மாறி உங்க தோல்ல நுழைஞ்சு, வழி தெரியாம அங்கேயே சாகுது. அதான் தடிப்பு."

"நான் வாத்து இல்லன்னு உங்கம்மாகிட்டதான் சொல்லிட்டிருந்தேன். இதுகிட்டயும் சொல்லணுமா?"

சிரித்துவிட்டேன். எரிச்சலாக இருந்தது, சிரித்ததற்கு.

பிறகு அப்பா, தலையைத் தூக்காமலே: "ஏரியைக் கொல்லணும்னு நான் கேக்கலடி. அரிப்பு நிக்கணும்னுதான் கேட்டேன்."

மார்ச் 19

பொறியாளரிடம் சொன்னேன். நான் சொன்னது தப்பு, புழு இருக்கிறது, ஆனால் படித்துறைப் பக்கத்து ஆழமற்ற நீரில், களைக்குள்தான் நத்தைகள் அதிகம். களையை எடுத்து நத்தையைக் கையால் பொறுக்கினால் போதும், நீந்துகிறவர்கள் ஆழமான பக்கம் போகட்டும்.

"அன்னைக்கு இல்லவே இல்லன்ன. இன்னைக்கு இருக்குங்கற. நாளைக்கு?"

கோபம் வந்தது. யார் மேல்?

பக்கத்தில் அப்பா. "புகார் குடுத்தவனே சொல்றேன் சார். இந்தக் கோடை முடியட்டும். அப்பவும் அரிச்சா நானே மூட்டையைப் பிரிச்சுக் கொட்டறேன்."

பொறியாளர் மூட்டைகளைக் கிடங்கிலேயே வைக்கச் சொன்னார். கோடை முடியும்வரை மட்டும்.

ஏப்ரல் 2

காலையிலிருந்து களை பறிப்பு. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அப்பாவும் அவரோடு நீந்துகிறவர்களும். அவர்கள் வாளி நிறைய நத்தை. கரையில் அவற்றைக் கொட்டிப் புதைக்கச் சுண்ணாம்புக் குழி.

அப்பா ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஓட்டில் சிவப்புப் புள்ளி. நன்றாக வளர்ந்திருந்தது. அளவுக்கு மீறி.

"இது உன்னோடதாச்சே. என்ன பண்ணட்டும்?"

"வாளியில போடுங்க."

போடவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார். நான் வாங்கிப் போட்டேன்.