முட்டைகள் எங்கே என்று கேட்ட மாணவியின் பொருட்டு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை
(பெயரையும் முகவரியையும் தனி உறையில் இணைத்துள்ளேன். குழந்தையைத் தெருவில் யாரும் சுட்டிக்காட்டிப் பேசக் கூடாது என்பதே காரணம்.)

பெறுநர்:
தனியார் பள்ளிகளின் ஆய்வு அலுவலர் அவர்கள்,
கல்வித் துறை அலுவலகம்.

பொருள்: இருமொழிப் பன்னாட்டுப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு மாணவி, வகுப்பில் கேள்வி கேட்டதற்காக வரும் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் மன்னிப்பு வாசிக்க வேண்டும் என்ற உத்தரவை நிறுத்தி வைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி மாணவி என் கடைசித் தம்பியின் மகள். தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் மாலையில் அவளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது அத்தையாகிய என் பொறுப்பு. இந்த மனுவை எழுத வேண்டாம் என்று இருவரும் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். "அக்கா, அங்க இடம் கிடைச்சதே பெரும்பாடு. கோழிக்குஞ்சுக்காக அதைத் தொலைக்கணுமா?" என்றான் தம்பி. அவன் பயம் நியாயமானது. ஆகவே இது நான் மட்டும் எழுதும் மனு என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன்.

2. அப்பள்ளியின் கற்பிக்கும் முறைமீது எனக்குக் குறை இல்லை. அங்கே ஆசிரியர் விடையைச் சொல்லித் தருவதில்லை. பிள்ளைகள் கேள்வி கேட்டு, தாங்களே விடை தேடுகிறார்கள். வகுப்பின் பின்சுவர் முழுவதும் கேள்விப் பலகை. அதில் ஒட்டிய எந்தச் சீட்டையும் விடை கிடைக்கும்வரை எடுக்கக் கூடாது என்பது விதி. பலகையின் தலைப்பில் நான்கு சொற்களை இரு மொழியிலும் எழுதியிருக்கிறார்கள்: கேள், கவனி, ஊகி, சரிபார். முதல்முறை அதைப் பார்த்தபோது, எனக்கு இப்படி ஒரு சுவர் வாய்க்கவில்லையே என்று பொறாமைப்பட்டேன். மதியச் சாப்பாடு வரை ஆங்கிலம், அதற்குப் பிறகு தமிழ் என்று நாளைப் பிரித்திருப்பதும் நல்ல ஏற்பாடாகவே தோன்றியது.

3. 'உயிர் எப்படித் தொடங்குகிறது' என்பது இந்தப் பருவத்தின் பாடம். வகுப்பறை மூலையில் குஞ்சு பொரிக்க வைக்கும் இன்குபேட்டர் பெட்டி ஒன்றை வைத்து, பிள்ளைக்கு ஒரு முட்டை வீதம் அடுக்கினார்கள். தன் முட்டையை அடையாளம் காண ஒவ்வொரு பிள்ளையும் பென்சிலால் ஒரு குறி போட்டது. இவள் போட்டது பிறை நிலா. தினமும் முட்டையைத் திருப்பி வைத்தார்கள். அறையை இருட்டாக்கி, டார்ச் வெளிச்சத்தில் உள்ளே ஓடும் ரத்த நாளங்களைப் பார்த்தார்கள். வீட்டில் அவள் பேச்செல்லாம் அதுதான். சாப்பிட முட்டை வைத்தால், "இது யாரோட முட்டை?" என்று கேட்டுத் தட்டை நகர்த்திவிடுவாள். அவள் அம்மாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும்.

4. பாடத்தின் நிறைவாகப் பெற்றோருக்கான கண்காட்சி போன வாரம் நடந்தது. அதற்கு முந்திய நாள் மாலை, பள்ளி வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, நிலா முட்டை தானாக ஆடியது என்றும், மூடியருகே காது வைத்தபோது உள்ளிருந்து சத்தம் வந்தது என்றும் சொன்னாள். அன்று அவளைத் தூங்க வைப்பது பெரும் பாடாகிவிட்டதாம்.

5. மறுநாள் காலை நானும் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பெட்டிக்குள் மஞ்சள் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்துத் தட்டில் ஓடுகள் இருந்தன. பெற்றோர் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். இவள் மட்டும் தட்டருகே குந்தி, ஓடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னிலையில் கேட்டாள்: "மிஸ், இந்த ஓட்டுல யாரோட குறியும் இல்லையே. குஞ்சு ஈரமாத்தானே வரும்? இதுக்கு றெக்கையில இறகு முளைச்சிருக்கே. எங்க முட்டையெல்லாம் எங்க?" என் அருகில் நின்ற ஒரு தந்தை, குஞ்சுகளுக்குப் பல் முளைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம் என்று கேலியாக முணுமுணுத்தார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பு ஆசிரியை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டேன்.

6. பாடப்பிரிவின் ஒருங்கிணைப்பாளர் புன்னகையோடு முன்னால் வந்து, இது ஆங்கில நேரம் என்றும், தமிழில் கேட்ட கேள்வியை மதியம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார். மதியம் தமிழாசிரியரிடம் கேட்டாள். முட்டை காலை நேரத்துப் பாடம், அங்கேதான் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். குழந்தை வீட்டுக்கு வந்து, தன் அம்மாவிடம் அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, மறுநாள் காலை கேட்டாள். சீட்டிலும் எழுதிப் பலகையில் ஒட்டினாள். அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிட்டார்கள். மாலையில் தம்பியை வரவழைத்து, அவள் 'சரிபார்க்காமல் உண்மைக்குப் புறம்பாகப் பேசியதற்கு' இரு மொழியிலும் மன்னிப்பு வாசிக்க வேண்டும், இல்லையேல் அடுத்த வகுப்பில் இடம் உறுதியில்லை என்று தெரிவித்தார்கள்.

சரிபார்க்காமல் என்ற சொல்லை மறுபடி படித்துப் பார்க்குமாறு தங்களை வேண்டுகிறேன். அந்த அறையில் சரிபார்த்தவள் அவள் ஒருத்திதான்.

7. ஒருங்கிணைப்பாளரை நேரில் பார்த்தேன். மரியாதையாகவே பேசினார். விடுப்புப் போட்டு வந்த பெற்றோரையும் ஆசையோடு காத்திருந்த பிள்ளைகளையும் ஏமாற்ற முடியாத நிலை என்றார். ஏமாற்றம் பிஞ்சு மனதைப் பாதிக்கும் என்றார். நான் அவருக்கு ஓர் உதாரணம் சொன்னேன். என் வகுப்பில் அவரை விதையைக் கிண்ணங்களில் ஊன்றுவோம். எல்லாம் முளைத்து ஒன்று மட்டும் முளைக்காமல் போனால், பிள்ளைகள் முளைத்ததை விட்டுவிட்டு அந்தக் கிண்ணத்தைத்தான் சுற்றி நிற்பார்கள். தண்ணீர் அதிகமா, வெயில் இல்லையா, விதை சொத்தையா என்று ஒரு வாரம் அதே பேச்சாக இருக்கும். முளைக்காத கிண்ணத்தில் வேறொரு செடியைப் பிடுங்கி நட்டிருந்தால் அந்த ஒரு வாரப் படிப்பும் போயிருக்கும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் எழுந்துகொண்டேன்.

8. மாடிப்படியில் வகுப்பு ஆசிரியை எனக்காகக் காத்திருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். நடந்ததை அவர்தான் சொன்னார். கண்காட்சிக்காகச் சில நாள் முன்பு தரையை மெருகேற்றியபோது, மெருகேற்றும் இயந்திரத்தைச் செருகுவதற்காக இன்குபேட்டரின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். பாதி நாள் முட்டைகள் குளிர்ந்து கிடந்தன. குஞ்சு பொரிக்க ஓரிரு நாள் தாமதமாகலாம், கண்காட்சியைத் தள்ளி வைக்கலாம் என்று இவர் கேட்டிருக்கிறார். அழைப்பு போய்விட்டது என்று பதில் வந்தது. பண்ணையிலிருந்து குஞ்சுகளும் ஓடுகளும் அட்டைப்பெட்டியில் வந்தன. கண்காட்சிக்கு முந்திய இரவு பிள்ளைகளின் முட்டைகளைப் பையில் கட்டிப் பின்வாசல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள்.

நிலா முட்டை ஆடியதாகக் குழந்தை சொன்னதே, அது அவளுடைய ஆசையில் தோன்றியதுதானே என்று கேட்டேன். அப்படித்தான் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

"ஆடினதை நானும் பார்த்தேன் டீச்சர்" என்றார்.

ஐயா, உயிர் எப்படித் தொடங்குகிறது என்று சொல்லித் தருகிற வகுப்பில் இது நடந்தது என்பதை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் என் கை நம்ப மறுக்கிறது.

9. ஆகவே, திங்கட்கிழமைக்கு முன் தாங்கள் விசாரித்து, மன்னிப்பு வாசிக்கும் உத்தரவை நிறுத்தவும், குழந்தைக்கு அடுத்த வகுப்பில் இடம் மறுக்கப்படாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டுகிறேன். என்னிடம் உண்மை சொன்ன வகுப்பு ஆசிரியையின் வேலைக்கு எந்தத் தீங்கும் வரக் கூடாது. யாரையும் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

10. இன்னும் ஒன்று. கிழித்த சீட்டை மறுபடி எழுதி அதே பலகையில் ஒட்ட உத்தரவிடுங்கள். பிறகு பெரியவர்களில் யாராவது ஒருவர் அவள் உயரத்துக்குக் குனிந்து அதற்கு விடை சொல்லட்டும். காலையிலோ மதியமோ, எந்த மொழியிலோ, அவளுக்குப் புரிந்தால் போதும். அந்த விடை எனக்குத் தெரியும். தினமும் மாலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதே பின்வாசலைத் தாண்டித்தான் வருகிறேன். சொல்லிவிடலாம். ஆனால் அவள் அதை என்னிடம் கேட்கவில்லை. பள்ளியிடம் கேட்டிருக்கிறாள். இன்னும் காத்திருக்கிறாள்.

தங்கள் விரைவான நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
மாணவியின் அத்தை

இடம்: பள்ளிக்குப் பின்தெரு
நாள்: வெள்ளிக்கிழமை