வாளிக்குள் கிடந்த வால்வுகள்

மண்ணெண்ணெயும் சாக்பீஸ் தூளும் கலந்த வாடை இன்று காலையில் நம் பட்டறையில் மறுபடியும் அடித்தது. ரேஷனில் மண்ணெண்ணெய் நின்றுபோன பிறகு டீசலை வைத்துத்தான் கழுவுகிறேன். ஆனாலும் இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்று ஒரு பாட்டில் மட்டும் எங்கேயோ கெஞ்சிக் கூத்தாடி வாங்கி ஒளித்து வைத்திருக்கிறேன். அண்ணன் தன் படகின் சிலிண்டர் ஹெட்டை ஆள் வைத்துத் தூக்கி வந்து மேசையில் இறக்கினான். இறக்கிவிட்டு, நேரே போய் உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்தான். எழுந்திரு என்று சொல்ல வாய்வரை வந்தது. எத்தனை சண்டையைத்தான் போடுவது என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் போனபின் வருகிற முதல் தடைக்காலம் இது. கடலுக்குப் போகக் கூடாத இந்த இரண்டு மாதத்தில்தான் துறைமுகத்து விசைப்படகுகள் எல்லாம் எஞ்சினைப் பிரித்துப் போடும். மற்ற வீட்டு ஆண்பிள்ளைகள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு நிழலில் இருப்பார்கள். நமக்கு மட்டும் சோறு தின்ன நேரம் இருக்காது. கல்யாணமாகி வந்த புதிதில், சும்மா இருக்கிற நேரம் இதைத் தேய் என்று ஒரு வால்வை என் கையில் கொடுத்தீர்கள். நல்ல சீதனம். அதன்பிறகு நீங்கள் பிரிப்பதும் மாட்டுவதும், நான் கார்பன் சுரண்டிக் கழுவி வால்வு தேய்ப்பதும் என்று ஆகிப்போனது.

ஒவ்வொரு வால்வையும் ஹெட்டில் அது உட்காரும் குழியில் வைத்து, பேஸ்ட் தடவி, ரப்பர் குச்சியால் அப்படியும் இப்படியும் திருகித் தேய்ப்பேன். விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம் எங்கேயும் அறுபடாமல் விழும்வரை விடமாட்டேன். ஒரு குழியில் தேய்த்த வால்வு அந்தக் குழிக்கு மட்டும்தான். இடம் மாற்றிப் போட்டால் கசியும். அதனால் துளை போட்ட மரச்சட்டத்தில் வரிசையாகக் குத்தி வைப்பேன். நம்பர் போட்டு வையேன் என்பீர்கள். என் வரிசை எனக்குத் தெரியும் என்பேன். அந்தச் சட்டத்தைத் தொட உங்களையே நான் விட்டதில்லை.

சில வருசங்களுக்கு முன்னால் வந்த ஒரு தடைக்காலத்தின் கடைசி நாளைத்தான் சொல்ல வருகிறேன். மறுநாள் விடிகாலையில் எல்லாப் படகும் கிளம்ப வேண்டும். அண்ணன் படகின் வேலையை வழக்கம்போல் கடைசியில் வைத்திருந்தீர்கள். சொந்தக்காரன் பொறுப்பான் என்பது உங்கள் எண்ணம். சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து படகை மந்திரிக்க வேண்டும். அவர் தீர்த்தம் தெளிக்கையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் அப்பா காலத்துப் பிடிவாதம். ஓடாத எஞ்சினில் தீர்த்தம் விழுந்தால் அந்த வருசம் முழுக்கப் படகு கரையில்தான் கிடக்கும் என்று அண்ணன் உறுதியாக நம்பினான்.

வால்வெல்லாம் தேய்த்து முடித்து, பேஸ்டைக் கழுவித் துடைத்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது. இரண்டு வால்வுக் குழிகளுக்கு நடுவே, முடியளவு ஒரு கோடு. உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் நகத்தால் தடவிப் பார்த்தீர்கள். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸை நுணுக்கிப் பூசினீர்கள். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அழுக்காக இருக்கட்டும் மாதாவே என்று வேண்டினேன். வெள்ளைத் தூளில் ஈரம் மெல்ல எழும்பி, ஒரு குழியிலிருந்து அடுத்த குழிவரைக்கும் கோடாக ஓடியது. உள்ளே ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் வெடிப்பு வழியாக வெளியே வந்துவிட்டது.

அண்ணனை வரச்சொல்லிக் காட்டினீர்கள். அவன் கோட்டைப் பார்த்தான், உங்களைப் பார்த்தான். போன வருசமும் இது இருந்திருக்கும், ஓடத்தானே செய்தது என்றான். புது ஹெட் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும், வர நாலைந்து நாளாகும் என்று சொன்னீர்கள். அதற்குள் மற்ற படகெல்லாம் முதல் மீன்பாட்டை அள்ளிக்கொண்டு போய்விடும், என் படகுப் பையன்கள் இரண்டு மாதமாக வீட்டில் கிடக்கிறார்கள் என்று கத்தினான்.

நீங்கள் கத்தவில்லை. "மச்சான், எஞ்சின் சூடானா இந்த வெடிப்பு வாயைத் தொறக்கும். தண்ணி உள்ள இறங்கிச்சின்னா எஞ்சின் நடுக்கடல்ல நின்னுரும். இப்ப அடிக்கிறது கச்சான் காத்து. நின்ன படகை எந்தப் பக்கம் தள்ளும்னு நீங்களே சொல்லுங்க" என்றீர்கள்.

கச்சான் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று. நின்றுபோன படகை நாட்டெல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடும். அப்படிப் போய், அந்த நாட்டுச் சிறையிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய ஆட்களை நாம் பார்த்திருக்கிறோம். திரும்பாதவர்களின் வீடுகளுக்கும் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறோம். அண்ணனுக்குத் தெரியாததா. ஆனாலும் அவனுக்கு ரோசம் கண்ணை மறைத்தது.

"நீ மாட்டலன்னா விடு மாப்ளே. வேற ஆளக் கூட்டியாந்து மாட்டுதேன். ஹெட்டு என்னுது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுடைய ஹெட், அவனுடைய படகு. வேறு மெக்கானிக் வந்து மாட்டினால் சாயங்காலம் எஞ்சின் ஓடும். விடிகாலையில் என் கூடப்பிறந்தவன் அந்தக் கோட்டோடு கடலுக்குப் போவான். ஏதாவது செய்யுங்கள் என்று உங்களைப் பிடித்து உலுக்காத குறை. நீங்கள், கொஞ்சம் டீ போடு என்றீர்கள். இந்த நேரத்தில் டீயா என்று வைதுகொண்டே உள்ளே போனேன்.

டீயோடு திரும்பி வந்தால் மரச்சட்டம் வெறுமையாகத் தரையில் கவிழ்ந்து கிடக்கிறது. வால்வெல்லாம் கழுவுகிற வாளிக்குள் மொத்தமாகக் கிடக்கின்றன. எது எந்தக் குழிக்குரியது என்று இனி ஆண்டவர்தான் சொல்ல வேண்டும். "கை தட்டிருச்சு" என்றீர்கள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு நாள் முதுகொடியத் தேய்த்த வேலை. டம்ளரை வைத்த வேகத்தில் டீ பாதி மேசையில் கொட்டியது.

அண்ணன் கூட்டிவந்த மெக்கானிக் வாளியைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். எல்லாவற்றையும் முதலிலிருந்து தேய்க்க வேண்டும், நாளைச் சாயங்காலத்துக்கு முன்னால் நடக்காது என்றார். அண்ணன் உங்களைச் சொன்ன சொல்லை இங்கே எழுத என் கை கூசுகிறது. மெக்கானிக்கா நீ, கையில் ஓட்டையை வைத்துக்கொண்டு எதற்கு எஞ்சினைத் தொடுகிறாய் என்று, தெருவே கேட்கக் கேட்டான். தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். சாயங்காலம் சாமியார் வந்தபோது எல்லாப் படகும் உறுமிக்கொண்டிருக்க, அண்ணன் படகு மட்டும் வாயை மூடிக்கொண்டு கிடந்தது. தீர்த்தம் தெளிக்க வேண்டாம் என்று அவனே சாமியாரைத் திருப்பி அனுப்பினான். விடிகாலையில் படகெல்லாம் புறப்பட்டுப் போன சத்தத்தை நாம் இரண்டு பேரும் பாயில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று முழுக்க அந்த வால்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன். கோபத்தோடுதான் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கோபம் வேறு மாதிரி ஆனது. அவ்வளவு வால்வும் சட்டத்தோடு கவிழ்ந்து விழுந்திருந்தால் ஒன்றோடொன்று மோதி எங்கேயாவது விளிம்பு நசுங்கியிருக்கும். வாளியின் தகரத்தில் பட்டு ஒன்றாவது அடிவாங்கியிருக்கும். விழுந்த சத்தம் அடுப்படிவரை கேட்டிருக்கும். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒரு வால்விலும் ஒரு கீறல் இல்லை. குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாக உள்ளே வைத்திருக்கிறீர்கள், பாவி மனுஷா.

மறுபடியும் ஒருதடவை கேட்டேன். அதே பதில். கை தட்டிருச்சு. அதற்குமேல் நான் கேட்கவில்லை. முதல் மீன்பாடுதான் போய்விட்டதே என்று அண்ணனே புது ஹெட்டுக்குச் சொல்லிவிட்டான்; அது வந்தது, அந்த வேறு மெக்கானிக் மாட்டினார், அண்ணன் கடலுக்குப் போனான், வந்தான். உங்களுக்கு மட்டும் ஓட்டைக்கை மெக்கானிக் என்ற பட்டப்பேர் நிலைத்துவிட்டது. நம் ஊரில் பட்டப்பேர் ஒட்டினால் தோலோடுதான் உரியும். சில படகுக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். டீக்கடையில் டம்ளரை நீட்டும்போது, பார்த்துப் பிடிங்க அண்ணாச்சி என்று சிரிப்பார்களாம். நீங்களும் கூடச் சிரிப்பீர்களாம். போன வருசம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறையில் சாய்ந்தீர்கள். துக்கத்துக்கு வந்தவர்கள்கூட, பாவம் ஓட்டைக்கையர் போய்ட்டாரே என்றுதான் சொன்னார்கள்.

இன்றைக்கு வருகிறேன். இந்தத் தடைக்காலத்துக்கும் இன்றுதான் கடைசி நாள்; வால்வெல்லாம் போன வாரமே தேய்த்துக் கொடுத்தாயிற்று, வெடிப்புப் பார்ப்பதுதான் பாக்கி. ஹெட்டில் தூள் பூசிவிட்டுக் காத்திருந்தேன். கோடு எதுவும் எழும்பவில்லை. இது நல்ல ஹெட். அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு யாரிடமோ பேசுகிற மாதிரிச் சொன்னான்.

"அந்தப் பழைய ஹெட்ட இரும்புக்கடையில போட்டேன்லா, அவன் சம்மட்டியால அடிச்சான். அந்தக் கோட்டுலதான் பிளந்துச்சு. உள்ள பூரா துரு. ஒரு நூலளவுக்குத்தான் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. மாப்ளேக்குக் கை தட்டல, தங்கச்சி. வாளியில கை விட்டுப் பாத்தேன், ஒரு வால்வுலகூட அடி இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

தெரிந்தா இத்தனை வருசம் வாயை மூடிக்கொண்டு இருந்தாய் என்று கேட்டேன். சொன்னால், மாப்பிள்ளை தன்னைக் கரையில் கட்டிப்போட்டான் என்று ஊர் சிரிக்கும் என்று பயந்தானாம். ஆக, அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊர் மட்டும் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

ஸ்பானரைக் கீழே வைத்தேன். ஏலக்கூடத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் போய் இதை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வா, அதுவரை இந்த ஹெட் இந்த மேசையை விட்டு நகராது, மந்திரிப்பும் கிடையாது ஒன்றும் கிடையாது என்றேன்.

"இனி சொல்லி என்னளா ஆவப் போவுது? ஆளே போய்ட்டான்."

"ஆளுதான் போயிருக்காக. பேரு இங்கனதான கெடக்கு."

அவன் எழுந்து போனான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. சொல்லிட்டேன் என்றான். கூடவே அந்த வேறு மெக்கானிக்கும் வந்திருந்தார். அவர் ஹெட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்து என்னோடு தூக்கினார். சாயங்காலம் எஞ்சின் ஓடியது, சாமியார் தீர்த்தம் தெளித்தார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் மனம் ஆறுவேனா என்கிறது. இப்போது கோபமெல்லாம் உங்கள் மேல்தான். ஊருக்குச் சொல்லாதது சரி, மச்சானின் மானத்தைக் காப்பாற்றினீர்கள். எனக்குச் சொல்வதற்கு என்ன? அன்றைக்கு அடுப்படிக்கு வந்து, இப்படிச் செய்யப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த வால்வுகளை நானே வாளியில் போட்டிருப்பேன். என் கைதான் தட்டியது என்று நானே தெருவில் நின்று சொல்லியிருப்பேன். பொம்பளை கை, அப்படித்தான் இருக்கும் என்று ஊர் ஒரே நாளில் மறந்திருக்கும்.