கணேசலிங்கம் அங்கிள் ஏத்தினால்

மார்ச் 5, புதன்

பென்டில் ஹில் கிளப்பில் போக்கர். இண்டைக்கும் கணேசலிங்கம் அங்கிளிட்டைத்தான் தோத்தது. என்னட்டை இராணிச் சோடி. மேசையில் விரிச்ச சீட்டுகளில் அதுக்கு மேலை ஒண்டும் இல்லை. அவர் தன்ர சிப்ஸ், அந்தப் பந்தய வில்லையள், முழுக்கத் தள்ளிப்போட்டு, தமிழில், "பிள்ளை, வீணா உள்ளுக்கை வராதேங்கோ, எனக்கு நல்ல சீட்டு" எண்டார். சீட்டுப் போடுற மோனிகா "இங்கிலிஷ் ஒன்லி!" எண்டு, மேசையில் வேற பாசை கூடாதெண்ட சட்டத்தைக் கத்த முதலே நான் சீட்டை எறிஞ்சு விலகிட்டன். அங்கிள் தன்ர சீட்டைத் திருப்பிக் காட்டினார். அஞ்சும் ரெண்டும். ஒரு மண்ணும் இல்லை!

வெள்ளைக்காரன் சொல்லியிருந்தால் நம்பியிருப்பனோ? கோயிலில் தேவாரம் படிக்கிற மனுசன் முகத்துக்கு நேரை பொய் சொல்லுவார் எண்டு ஆர் கண்டது. எனக்குத்தான் விசர்.

மார்ச் 6

என்ர மனுசனுக்குச் சொன்னன். "சூதாடப் போறதே பிழை, அதுக்குள்ளை மரியாதை வேறயோ" எண்டு சிரிக்கிறார். காசு கட்டுறேல்லை, பொயின்ற் மட்டும்தான் எண்டு நூறு தரம் சொல்லியாச்சு, சுஜீதனுக்கு ஏறாது. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தம். ஏப்ரல் தெரிவுப்போட்டியில் முதல் மூண்டு பேருக்குள்ளை வந்து மெல்பேர்ன் ஃபைனலுக்குத் தெரிவானால் நான் தொடர்ந்து விளையாடலாம். இல்லாட்டி விட்டிட்டு, புதன்கிழமைகளில் அவரோடை பஜனைக்குப் போகவேணும்.

ஓம் எண்டிட்டன். ஏன் சொன்னனான்? பல் டொக்டரின்ர ரிசெப்ஷனில் நாள் முழுக்க "சொறி, சொறி" எண்டு சொல்லுறன். ஆருக்கும் சொறி சொல்லத் தேவையில்லாத இடம் அந்த மேசை ஒண்டுதான். அதை இழக்க எனக்கு விருப்பமில்லை.

மார்ச் 12

எண்ணினன். முப்பத்தொரு ஆட்டம், அங்கிள் பந்தயத்தை ஏத்தினது பத்தொன்பது தரம். ஒருத்தருக்கும் அவ்வளவு நல்ல சீட்டு வராது.

மார்ச் 19

இராசாச் சோடி வந்தது. நான் ஏத்தேல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அவர் போட்டதுக்குச் சரி, சரி எண்டு மட்டும் இருந்தன். மனுசன் தானாவே எல்லாத்தையும் தள்ளித் தந்தார். கடைசியில், "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை!" எண்டு கோவம் வேற. நல்ல கதை!

மார்ச் 26

நல்ல சீட்டே வரேல்லை. காத்திருந்து காத்திருந்தே சிப்ஸ் முடிஞ்சுது. காத்திருக்கிறதும் ஒரு பயம்தானோ?

ஏப்ரல் 6, ஞாயிறு

தெரிவுப்போட்டி. பின்னேரம் நாலு பேர் மிச்சம். மூண்டு பேருக்கு மெல்பேர்ன். எல்லாரிலும் குறைய சிப்ஸ் என்னட்டைத்தான். ரெண்டு சுற்றாக் குப்பைச் சீட்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டாயமா வைக்கிறதிலேயே கரைஞ்சுகொண்டு போகுது. பஜனைப் புத்தகம் கண்ணுக்கு முன்னாலை வந்தது, சத்தியமா.

அங்கிள் ஏத்தினார், வழக்கம் போல. என்னட்டை ஏழும் மூண்டும். எறியத்தான் கை போனது — பிறகு யோசிச்சன். அவருக்கு நல்ல சீட்டு இருக்கோ எண்டு இவ்வளவு நாளும் நான்தான் யோசிச்சனான். என்னைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நல்ல சீட்டில்லாமல் கை வைக்காத பயந்த பிள்ளை எண்டுதான் தெரியும்.

"ஓல் இன்" எண்டு இருந்த சிப்ஸ் முழுக்கத் தள்ளினன்.

அங்கிள் கனநேரம் என்ர முகத்தைப் பாத்தார். "பிள்ளை, உண்மையாவோ?" "இங்கிலிஷ்!" எண்டாள் மோனிகா. அங்கிள் தன்ர சீட்டை எறிஞ்சார். அதுக்குப் பிறகும் ரெண்டு தரம் அப்பிடியே செய்தன், ரெண்டு தரமும் எறிஞ்சார். நாலாவதா வெளியிலை போனது நிக் எண்ட கிரேக்கன். பாவம்.

கார் பார்க்கில் அங்கிள் மறிச்சுக் கேட்டார். "முதல் தரம் என்ன வைச்சிருந்தனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

"ஏஸ் சோடி, அங்கிள்."

"எனக்குத் தெரியும்" எண்டார். மனுசன் நம்பிட்டார், நான் சொறி சொல்லாமல் கார்க் கதவைத் திறந்தன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 11, வெள்ளி

கோயில். செருப்புக் கழட்டுற இடத்தில் நிண்டு அங்கிள் இவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "உங்கட மனுசி சரியான கவனம். நல்ல சீட்டில்லாமல் உள்ளுக்கை வரவே மாட்டா. இனி யோகாப் பிள்ளை ஏத்தினால் நான் யோசிக்காமல் சீட்டை எறிஞ்சிடுவன்."

நான் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கொண்டு நிண்டன். மெல்பேர்னுக்கு அவரும் வாறார்.