இரண்டாவது ரைபிள்

ஆகஸ்ட் 4, திங்கள்

கம்பெனியில் சுடும் பயிற்சி. ஐந்து குண்டில் ஒன்றே ஒன்று பட்டது. அதுவும் அட்டையின் ஓரத்தை நக்கிவிட்டுப் போயிருக்கிறது. பதினேழு வருஷம் பட்டாளம், இருபது வருஷம் பேங்க் பண வண்டிக்குக் காவல் — சுருளிவேல் சுட்டால் தப்பாது என்று பேர் வாங்கியவன் நான். போன மாசம் சேர்ந்த மகிழன் நாலு அடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். நல்ல பையன்.

வெயில் முகத்துக்கு நேரே அடித்தது என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். காலை ஏழு மணிக்கு என்ன வெயில்? அவர் சிரிக்கவில்லை. நவம்பரில் அடுத்த டெஸ்டாம். மூன்று படவில்லை என்றால் துப்பாக்கி டியூட்டி கிடையாது, ஏடிஎம் வாசலில் தடியோடு உட்கார வேண்டியதுதான்.

ரைபிள்தான் காரணம். குழல் தேய்ந்துபோயிற்று. இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 5

முருகம்மாளிடம் சொன்னேன். "ஒரு துப்பாக்கிக்கே பீரோவுல என் சேலைய எடுத்து வெளிய வச்சாச்சு. ரெண்டாவது வந்தா நான் வெளிய போகணுமா?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

ஆகஸ்ட் 9, சனி

மதுரை போய் வந்தேன். துப்பாக்கிக் கடை விஜயகுமார் ஒரு புது .315 எடுத்துக் காட்டினார். போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுடும் வேட்டை ரைபிள்தான். காவல் வேலைக்கு நம்மாட்கள் பாதிப்பேர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுச் சரக்குக்கு நம் பென்ஷன் தாங்காது. இது தாங்கும். போல்ட் கொஞ்சம் முரடு, பழகப் பழகச் சரியாகும். கட்டை நன்றாகத் தோளில் உட்கார்ந்தது.

ஆனால் குழல் நுனியில் நிற்கும் ஃபோர்சைட் கோணல். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை இருக்கிறது. சொன்னேன். விஜயகுமார் வாங்கிப் பார்த்துவிட்டு, "நேராத்தான சார் இருக்கு" என்றார். விற்கிறவன் வேறென்ன சொல்வான்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஓடைப்பட்டியில் ஈஸ்வரபாண்டி என்று ஒரு திராட்சைக்காரர். அவர் அப்பா தோட்டக் காவலுக்கு லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த ரைபிள், மனுஷன் போனபின் சும்மா கிடக்கிறது. பழசுதான், ஆனால் போல்ட் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. விலையும் கடையில் பாதி. பந்தல் கல்லைக் குறிபார்த்தேன். இதிலும் ஃபோர்சைட் மங்கல், கோணல். ஊர் ஊராக எவன்தான் இப்படிக் கோணலாக வைத்துத் தொலைக்கிறான்?

இருந்தாலும் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். ஃபோர்சைட்டை மாற்றிக்கொள்ளலாம். ஈஸ்வரபாண்டி ஒரு பை திராட்சை கொடுத்து, "பேப்பர் வேலைய முடிச்சிட்டு வாங்கண்ணே, யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார்.

ஆகஸ்ட் 20

இரண்டாவது துப்பாக்கியை லைசென்ஸில் ஏற்ற மனு போட வேண்டும். அதற்கு மெடிக்கல் சர்டிபிகேட். தெரிந்த டாக்டர், பட்டாளத்துக்காரர் என்று மரியாதை. உட்கார வைத்துச் சோதிக்கக்கூட இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். கண்: நார்மல்.

ஆகஸ்ட் 25, திங்கள்

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

கம்பத்தில் பேங்க் வாசல். பெட்டி இறங்குகிற நேரம். ஒருத்தன் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தான், கையில் நீளமாக எதுவோ. நில்லுன்னேன். நிக்கல. மறுபடியும் சொன்னேன். பஸ் சத்தம், கேக்கல போல. போல்ட்டை இழுத்துட்டேன். தோள்ல ஏத்திட்டேன். விரல் உள்ள போயிருச்சு.

டிரைவர் வீரபாண்டிதான் குழலை மேலே தட்டிவிட்டான். "அண்ணே, ஒங்க மருமகன்ணே."

திலீபன். என் கயலுக்குப் புருஷன். காலையில் அவர்கள் வீட்டில் நான் மறந்துவிட்டு வந்த குடையைக் கொடுக்க ஓடி வந்திருக்கிறான். பதினைந்து அடி. பதினைந்தே அடி. எனக்கு அவன் முகம் இல்லை, வெறும் வெள்ளையா ஒண்ணு, அவ்வளவுதான்.

"என்ன மாமா..." என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. குடை ரோட்டில் கிடந்தது.

நான் என்ன பண்ணியிருப்பேன்? ஐயோ, என்ன பண்ணியிருப்பேன்.

ஆகஸ்ட் 26

வேலைக்குப் போகவில்லை. முருகம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாள். "ஆறு மாசமா காப்பியில எறும்பு மெதந்தாலும் அப்படியே குடிக்கிறீக. நாந்தேன் எடுத்துப் போடுறேன். கண்ணக் காட்டுங்கன்னா கோவம் வரும். பட்டாளத்துக் கண்ணுல்ல."

அப்போதுதான் தைத்தது. மதுரை ரைபிள், ஓடைப்பட்டி ரைபிள், என் ரைபிள் — மூன்றுக்குமா கோளாறு? சர்டிபிகேட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

கயலுக்கு நாலு தடவை போன் பண்ணினேன். எடுக்கவில்லை. அவள் அம்மா பண்ணினால் எடுக்கிறாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தேனியில் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் சுபாஸ்ரீ, கயல் வயசுதான் இருக்கும். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டதாம். "நிலா ரெண்டாத் தெரியுமாப்பா?" என்று கேட்டது அந்தப் பிள்ளை. நிலாவை யார் பார்த்தா, துப்பாக்கிதான் ரெண்டாத் தெரிஞ்சுச்சு என்றேன்.

கேட்க பயமாக இருந்தது, கேட்டுவிட்டேன். இனிமேல் இவ்வளவுதானா? "ஆபரேஷன் பண்ணா நல்லாத் தெரியும்ப்பா. இதுக்கா இப்படி வேர்க்குது?" என்றது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். ரொம்ப நாள் கழித்து மூச்சு முழுசாக உள்ளே போன மாதிரி இருந்தது.

சூப்பர்வைசரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை துப்பாக்கியைத் தொடக்கூடாது என்றார். நான் சொல்ல வந்ததும் அதுதான்.

செப்டம்பர் 5, வெள்ளி

வலது கண் ஆபரேஷன். எழுதக்கூடாது என்றார்கள். இவ்வளவுதான்.

செப்டம்பர் 7

நேற்றுக் கட்டுப் பிரித்தார்கள். மின்விசிறியில் இத்தனை தூசியா. மலையில் மரம் மரமாகத் தெரிகிறது. கயல் தூக்குச்சட்டியில் இட்லி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போய்விட்டாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

செப்டம்பர் 19

ஈஸ்வரபாண்டிக்குப் போன் பண்ணி ரைபிள் வேண்டாம் என்றேன். ஏன் என்றார். காரணத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, தன் அம்மாவுக்கும் கண் காட்ட வேண்டும், அந்த ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டார்.

அக்டோபர் 10

இடது கண்ணும் ஆயிற்று.

நவம்பர் 22, சனி

டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கண்ணைப் பார்த்துவிட்டுப் போட்ட கையெழுத்து. கம்பெனி டெஸ்டில் அதே பழைய ரைபிள், ஐந்தில் நாலு. குழல் தேயவும் இல்லை, ஒன்றும் இல்லை. சந்தோஷம்தான், ஆனால் நினைத்த அளவுக்குத் துள்ளவில்லை. இந்த வருஷம் முழுக்க, அந்த ஒரு நாள் தவிர, காவலில் யார் மேலும் துப்பாக்கியைத் தூக்க வேண்டி வரவில்லையே — அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரைபிளை பீரோவில் பூட்டிச் சாவியை முருகம்மாளிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கம்பத்துக்குப் பஸ் ஏறினேன். கயல் வீட்டுக்கு. மூன்று மாசமாகப் போகவில்லை. தெருமுனையில் திரும்பியதும் திலீபன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

"மாமா, மருமகன்தேன். சுட்டுப்புடாதீக."

ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"தெரியுது மாப்ள," என்றேன், அங்கிருந்தே. "சட்டையில மூணாவது பட்டன் இல்ல."

அவன் குனிந்து பார்த்துக்கொண்டான். உள்ளேயிருந்து கயல் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கதவுக்கு வந்து, "வாங்கப்பா, காப்பி போடுறேன்" என்றாள்.