உங்க திதியும் என் பரீட்சையும் ஒரே நாளில்

என்னோடு பதினேழு வருஷம் சண்டை போட்ட என் பிரிய அத்தைக்கு,

உங்க மருமக கோமதி எழுதுறேன். மாலை போட்ட போட்டோவுக்குப் போய் லெட்டர் எழுதுறாளே, இவளுக்குக் கிறுக்கு முத்திடுச்சான்னு நீங்க கேட்பீங்க. கேளுங்களேன். எதையாவது சொல்லித் திட்டுங்களேன். நீங்க பேசாம இருந்து நான் பார்த்ததே கிடையாது. இப்ப ஒரு வருஷமா சுவத்துல இருந்துக்கிட்டு என்னையே பார்க்குறீங்க, வாயைத் திறக்க மாட்டேங்குறீங்க.

வீட்டுச் சேதியை முதல்ல சொல்லிடுறேன். விழிதியூர்ல மழை விட்டபாடில்லை. நம்ம வயல்ல தண்ணி வடியாம நிக்குது, வாய்க்காலை வெட்டி விட ஆள் கிடைக்கலை. நிவி பத்தாவது வந்துட்டா, என்னைவிட உசரம். சின்னவளுக்கு முன்பல் ரெண்டும் விழுந்து முளைச்சாச்சு. உங்க மவன் அதே கீழவாஞ்சூர் துறைமுகத்துலதான் லாரிக்கு எடை போட்டுக்கிட்டு இருக்காங்க. அந்தச் சட்டைக் காலர்ல படியுற நிலக்கரிக் கறுப்பு எத்தனை தேய்ச்சும் போக மாட்டேங்குது. நீங்க எதைப் போட்டுத் துவைச்சீங்கன்னு கேட்டு வச்சுக்காம விட்டுட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வர்ற புதன்கிழமை காலைல பத்து மணிக்கு எனக்குப் பரீட்சை. அதே புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு உங்களுக்குத் தலைத் திவசம். ரெண்டு இடத்துலயும் நான் இருந்தாகணும். எப்படி இருப்பேன், அத்தை? நீங்களே சொல்லுங்க.

அதுவும் எந்தப் பரீட்சைன்னு நினைக்கிறீங்க? போன வருஷம் நான் எழுதாம விட்டேனே, அதே திறனாய்வுப் பேப்பர். அன்னிக்கு முந்தின சாயங்காலம் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே, "நாளைக்கு என்ன பரிச்ச?"ன்னு கேட்டீங்க. "இலக்கியத் திறனாய்வு, அத்தை"ன்னேன். "இந்தப் பேரைத் தப்பில்லாம எழுதுனாலே பாதி மார்க்கு போட்டுரணும்"னீங்க. மறுநாள் காலைல ஆறு மணிக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவங்கதான். ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போறப்ப என் மடியில சாஞ்சுக்கிட்டு, "அடுப்புல பால் இருந்துச்சே, அணைச்சியா?"ன்னு கேட்டீங்க. அணைச்சுட்டேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நீங்க எதுவும் கேட்கலை.

போன வருஷமும் நீங்கதான் குறுக்க வந்தீங்க. இந்த வருஷமும் நீங்கதான். நான் காலேஜுக்குப் போறது உங்களுக்கு அவ்வளவா பிடிக்கலை?

பிடிக்கலைன்னு சொல்லவும் முடியலையே. முப்பத்தொன்பது வயசுல எம்.ஏ. படிக்கப் போறேன்னு நான் சொன்ன அன்னிக்கு நீங்க அடிச்ச கூத்தை இந்தத் தெருவே கேட்டுச்சு. "பேத்தி ஒம்பதாவது போறா, மருமவ காலேஜு போறா. ரெண்டு பேருக்கும் ரெட்டை சடை பின்னி ரிப்பன் கட்டி விடட்டுமா?"ன்னீங்க. நான் அழுதுட்டேன். ஆனா காலேஜ் திறந்த அன்னிக்கு நான் எந்திரிக்கறதுக்கு முந்தியே இட்லி வெந்துக்கிட்டு இருந்துச்சு. "உம் படிப்புக்கு நான் ஏண்டி கோழி கூவ எந்திரிக்கணும்?"னு முனகிக்கிட்டே எனக்கு டப்பா கட்டினீங்க. அந்த அஞ்சு மாசமும் ஒருநாள்கூட அந்த முனகலும் நிக்கலை, டப்பாவும் நிக்கலை.

இப்ப டப்பா நான்தான் கட்டுறேன், நாலு பேருக்கு. சின்னவளுக்குத் தலை வாரி முடிக்கிறப்ப ஸ்கூல் வேன் வாசல்ல ஹாரன் அடிக்கும். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு காரைக்கால் போய்ச் சேர்றப்ப முதல் வகுப்பு முடிஞ்சிருக்கும். வருகைப் பதிவு மயிரிழையில தொங்கிக்கிட்டு இருக்கு. வகுப்புல எல்லாம் இருபத்திரெண்டு வயசுப் பிள்ளைங்க. நான் கடைசி பெஞ்சுல உட்கார்ந்து, மதியத்துக்கு ஊற வைக்காம வந்த புளியை நினைச்சுக்கிட்டு இருப்பேன்.

கோட்டுச்சேரி ரீட்டாதான் எனக்கு ஒரே துணை. சின்னப் பொண்ணு, என் பக்கத்துல உட்காருவா, நான் தவறவிட்ட நோட்ஸெல்லாம் அவதான் தருவா. டைம்டேபிள் வந்த அன்னிக்கு அவளை வச்சுக்கிட்டுதான் போன்ல காலண்டரைத் திறந்து நீங்க போன தேதியைப் பார்த்தேன். பரீட்சையெல்லாம் முடிஞ்சு நாலு நாள் கழிச்சுதான் வந்துச்சு. "தப்பிச்சீங்கக்கா"ன்னா. அவங்க அப்பாவுக்கு வருஷா வருஷம் அதே தேதியில மாதா கோயில்ல பூசைக்குச் சொல்லிடுவாங்களாம், ஒரு நாள் முன்னப் பின்ன ஆகாதாம். நானும் அவளோட சேர்ந்து தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். சந்தோஷமா கேன்டீன்ல ரெண்டு பஜ்ஜிகூடச் சாப்பிட்டோம்.

நமக்குத் திதி பார்க்கணும்னு இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை, அத்தை. பதினேழு வருஷம் மாமா திவசத்துக்குச் சமைச்சவ நான். ஆனா நாளைப் பார்த்துச் சொன்னது என்னிக்கும் நீங்கதானே? "வர்ற வெள்ளிக்கிழமை மாமாவுக்குத் திதி, வீட்டை அலம்பு"ன்னு சொல்வீங்க. நான் அலம்புவேன். அது எப்படிப் போன வருஷம் ஒரு தேதி, இந்த வருஷம் ஒரு தேதின்னு ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையில்லாம நீங்க இருந்தீங்க.

போன வாரம் செல்வி அண்ணி போன் பண்ணினாங்க. உங்க மவளுக்கு உங்க குரல், தெரியும்ல? போனை எடுத்ததும் ஒரு நிமிஷம் திக்குன்னுச்சு.

"கோமதி, அம்மாவுக்குக் கார்த்திகை தேய்பிறை சப்தமி. இந்த வருஷம் பதினொரு நாள் முன்னுக்கு வருது, புதன்கிழமை. ஐயர்கிட்ட சொல்லிட்டேன். நான் மாயவரத்துலேருந்து முதல் பஸ்ஸுல வந்துர்றேன்."

"அண்ணி, அன்னிக்கு எனக்குப் பரீட்சை."

அண்ணி சொன்னாங்க, "தலைத் திவசம், கோமதி. எங்கம்மாவுக்கு இருக்குறது ஒரே மருமவ. நீ வடிச்ச சோத்தை நீ நின்னு இலையில போடலன்னா, அது என்ன திவசம்?"

கோவமா சொல்லியிருந்தாக்கூட நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவங்க அழுதுட்டாங்க. அம்மாவைப் பறிகொடுத்த மவகிட்ட நான் என்ன நியாயம் பேசுறது?

போய்ப் பார்க்காத ஆள் இல்லை. தமிழ்த்துறை மேடம்கிட்டப் போனேன். "பரீட்சையை யுனிவர்சிட்டி வைக்குது கோமதி, நானா வைக்கிறேன்? அடுத்த வருஷம் பாடத்திட்டம் வேற மாறுது. இதை விட்டா இந்தப் பேப்பரை நீங்க முதல்லேருந்து படிக்கணும்"னாங்க. சொல்லிட்டு, பாவம், எனக்கு டீ வாங்கிக் குடுத்தாங்க. ஐயர் வீட்டுக்குப் போனேன். காலைல எட்டு மணிக்கே முடிச்சுக் குடுங்க சாமின்னு கேட்டேன். "திதிக்கு உச்சிப் பொழுதுதாம்மா கணக்கு. எட்டு மணிக்குப் படைச்சா அதுக்குப் பேர் டிபன்"னு சிரிக்கிறாரு. எனக்குச் சிரிப்பு வரலை.

உங்க மவன்கிட்டக் கேட்டேன். தட்டுல சோத்தை அளைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. "எனக்கு ஒண்ணும் தெரியல கோமதி. நீ போன்னு சொன்னா அக்கா என்னைக் கேக்கும். போவாதன்னு சொன்னா நீ ஆயுசுக்கும் கேப்பே"ன்னாங்க. பிறகு, "அம்மா இருந்தா சொல்லியிருக்கும்"னு சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டாங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு முடிவு எடுக்கத் துப்பில்லைங்கறது நீங்க போனப்புறம்தான் தெரியுது.

எனக்கு இது ஒண்ணுதான் தொல்லைன்னு நினைக்காதீங்க. ஒரு பத்திரிகையிலேருந்து கதை கேட்டிருக்காங்க, மாசக் கடைசிக்குள்ள வேணுமாம். மூணு வரி எழுதியிருக்கேன். எழுத உட்கார்ந்தா நீங்க வந்து நிக்கிறீங்க. என் முதல் கதை அச்சுல வந்தப்ப கண்ணாடியை மாட்டிக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? படிச்சு முடிச்சுட்டு, "இதுல வர்ற மாமியா நான்தானே?"ன்னீங்க. இல்லவே இல்லைன்னு சாதிச்சேன். "காப்பித்தூள் டப்பாவை நான் எங்கடி ஒளிச்சு வச்சேன்? மேல் தட்டுல வச்சேன். உனக்கு எட்டலைன்னா அதுக்கு நானா பொறுப்பு?"ன்னு கேட்டீங்க. மறுநாள் காலைல டப்பா கீழ்த் தட்டுல இருந்துச்சு. நீங்கதான் அத்தை அது. பொய் சொன்னேன். மன்னிச்சுக்குங்கன்னு சொல்ல ஆயிரம் நாள் இருந்துச்சு, ஒரு நாளும் சொல்லலை.

இன்னும் ஒண்ணு இருக்கு. இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. அன்னிக்கு உங்களைக் கூடத்துல கிடத்தியிருந்தாங்க. நான் தலைமாட்டுல உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருந்தேன், நிஜமான அழுகைதான். அப்ப சுவர்க் கடிகாரம் கண்ணுல பட்டுச்சு. பத்து ஆக அஞ்சு நிமிஷம். இந்நேரம் கேள்வித்தாள் குடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன், அத்தை. உங்க கால் கட்டைவிரலைக் கட்டிக்கிட்டு இருந்தாங்க, நான் அதை நினைச்சேன். என்ன ஜென்மம் நான்? அதனாலதான் இப்ப பரீட்சைக்குப் போகணும்னு மனசு அடிச்சுக்கிறப்பவெல்லாம், இது படிப்பு ஆசையா, இல்லை கல் மனசான்னு எனக்கே பிடிபடலை. வீட்டுலயே இருந்துடலாம்னு நினைச்சா, அது உங்க மேல இருக்குற பாசமா, இல்லை ஊர் என்ன சொல்லுமோங்கற பயமான்னும் தெரியலை.

போனா மட்டும் பாஸாகிடுவேனா? அதுவும் நிச்சயமில்லை. அஞ்சு பாடத்துல ரெண்டரைதான் படிச்சிருக்கேன். ஃபெயிலானா ஊரே சொல்லும், மாமியா திவசத்தை விட்டுட்டுப் போனாளே, என்னத்தைக் கிழிச்சான்னு. போகாம இருந்தா, இன்னொரு வருஷம் இந்த ஓட்டம் ஓட எனக்குத் தெம்பு கிடையாது. காலேஜை விட்டுடுவேன். விட்டுடுவேன்னு எனக்கு நல்லாத் தெரியும். அப்புறம் நிவிகிட்ட நான் எந்த வாயால படின்னு சொல்றது?

நேத்து நிவிகிட்டயே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, சின்னப் பிள்ளை. கணக்கு நோட்டுலேருந்து தலையைத் தூக்காமலே, "ஆயா உன்னைத் திட்டும்மா. ஆனா போன்னுதான் திட்டும்"னா. அவ சொன்னது சரியான்னு தெரியலை. பேத்திக்குத் தெரிஞ்ச ஆயா வேற, மருமவளுக்குத் தெரிஞ்ச மாமியா வேற இல்லையா?

ரெண்டு நாளா உங்க போட்டோவுக்கு முன்னாடி நின்னு பார்த்துட்டேன். பூ விழுமா, பல்லி சொல்லுமான்னு பார்த்தேன். ஒண்ணும் நடக்கலை. பல்லி இருக்கு, அதுபாட்டுக்குப் பூச்சி பிடிக்குது.

அதனால நானே சொல்லிடுறேன், அத்தை. புதன்கிழமை விடியறதுக்கு முன்னாடி தலைக்குக் குளிச்சுட்டுச் சமையலை ஆரம்பிப்பேன். உளுந்து வடை, வாழைக்காய் வறுவல், நீங்க விரும்புற மாங்காய் பச்சடி, மாங்காய் கிடைக்கலைன்னா மாங்காய் வத்தல் போட்டாவது. எல்லாத்தையும் என் கையாலயே செஞ்சு மூடி வச்சுட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பிடுவேன். இலையில போடுறது உங்க மவளாவே இருக்கட்டும். பெத்த பொண்ணு போட்டா இறங்காதா என்ன? இன்னும் அவங்ககிட்ட இதைச் சொல்லலை. போனை எடுக்குறதும் வைக்கிறதுமா இருக்கேன். வாசல்ல அவங்க வந்து இறங்கறப்ப நான் புடவையும் ஹால் டிக்கெட்டுமா நின்னா என்ன ஆகுமோ, அவங்க ஒரு சொல் சொன்னா நான் வண்டியைத் திருப்பி நிறுத்திட்டு உள்ள வந்துடுவேனோ, அதுவும் எனக்குத் தெரியலை.

ஆனா ஒரு சத்தியம் பண்றேன். அன்னிக்குப் பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படாமத்தான் போய் எழுதுவேன். வீட்டுல மத்தவங்க சாப்பிடட்டும், பிள்ளைங்க பசி தாங்காது. உங்களுக்குப் போட்ட இலையை மட்டும் எடுக்க வேண்டாம்னு உங்க மவன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். நான் வந்து அதுலதான் உட்காருவேன். மழையில வண்டி ஓட்டிக்கிட்டு வர ரெண்டு மணி ஆகிடும்.

எனக்கு ஒரு வாய் மிச்சம் வைங்க, அத்தை.

உங்க ஒரே மருமக,
கோமதி
விழிதியூர்