வயசாளிப் பங்கு

தேங்காய்ப்பட்டணம்
கொல்லம் ஆண்டு 1109 கார்த்திகை 12

கொழும்பில் இருக்கும் அன்பு மகன் மைதீன் கனிக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், உன் சுகத்துக்கும் ஒரு வரி எழுதிப் போடு. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது, இடது கையால் எழுதுகிறேன். உம்மா எழுதவேண்டாம் என்றாள். வேறு யாராவது கூட்டியும் குறைத்தும் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நம் கரமடி வலையின் பங்கு முறை உனக்குத் தெரியும், நீயும் ஐந்து வருஷம் கயிறு இழுத்தவன்தான். வலை கரையேறியதும் பாதி மீன் முதலாளிக்கு, மீதியில் இழுத்தவர்கள் பங்கு வைப்பதற்கு முன்னால் ஒரு கூடை இழுக்க முடியாத வயசாளிகளுக்கு. நாற்பது வருஷம் நானும் கொடுத்தேன், இப்போது ஆறு வருஷமாக வாங்கித் தின்கிறேன். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி சாளை மீன் நன்றாகப் பட்டது. நான் வயசாளிக் கூடையைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தபோது, போன வருஷம் கடலில் முங்கிச் செத்த பீர்முகம்மதின் பெண்சாதி பல்கீஸ் பீவி வந்து நின்றாள். நம் பெண்கள் கடற்கரையில் கால் வைப்பதில்லை, அவளோ அத்தனை ஆண்களுக்கு நடுவே, எனக்க மாப்பிள பதினாறு வருசம் வயசாளியளுக்குப் பங்கு தந்தாரு, அவரு கிழவனாவலைன்னா அவருக்குள்ள பங்கு எங்க போச்சு மாமா, எனக்க பிள்ளையளு பட்டினி கெடக்கு என்று கேட்டாள்.  பக்கத்தில் கிடந்த ஈரக் கயிற்றை எடுத்து அவள் வாயில் அடித்தேன், இரண்டு பல் மணலில் விழுந்தது. உடனே அவள் தம்பி மீன் கத்தியோடு பாய்ந்தான், தடுத்த கையில் விரல் போயிற்று. உன் தம்பி பாவா துடுப்பால் அவன் மண்டையைப் பிளந்தான். அப்புறம் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை, மீன் மேலெல்லாம் இரத்தம். அந்தப் பையன் மூன்று நாள் கண் திறக்கவில்லை, இப்போது கஞ்சி குடிக்கிறான், ஒரு கண்ணில் பார்வை இல்லை. பாவாவைப் போலீஸ் கொண்டுபோயிருக்கிறது, உம்மா சரியாகச் சோறு தின்பதில்லை.

படுத்துக் கிடந்தபோது யோசித்தேன் மக்கா. இளமையில் செத்தவன் கொடுத்ததைத்தான் ஆயுசுக்காரன் உட்கார்ந்து தின்கிறான். பீர்முகம்மது கொடுத்தது எங்கள் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது. முதலாளியின் பாதியைப் பற்றி ஒருவனும் வாய் திறக்கவில்லை, ஒரு கூடை சாளைக்கு ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டோம். வெட்கமாக இருக்கிறது. நேற்று ஜமாஅத்தில் எழுந்து, அடித்தது என் தப்பு, கூடையில் பாதி கடலில் செத்தவர்களின் வீட்டுக்குப் போகவேண்டும் என்றேன். மற்ற வயசாளிகள், செய்யது அலி கத்திக்குப் பயந்துட்டான் என்று காறித் துப்பினார்கள். அது பொய்யும் இல்லை, அவள் வாயால் கேட்டபோது எனக்குக் கேட்கவில்லையே. வெகுநேரம் கத்திய பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

பாவாவின் வழக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், பழி அது இது என்று நீ கப்பல் ஏறிவிடாதே. ஐந்து வேளைத் தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. இன்று காலை முதல் பங்கை நானே பல்கீஸ் வீட்டு வாசலில் வைத்து, பொறுத்துக்கொள் மகளே என்றேன். வீங்கிய வாயோடு கதவுக்குப் பின்னால் நின்று, பொறுக்க மாட்டேன் மாமா, மீனு நாளைக்கும் வரணும் என்றாள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசைத் தரட்டும்.

உன் வாப்பா
செய்யது அலி